விரல்கள் தெரியும், பெயர்கள் தெரியாது

பாட்டு ஊருக்கே மனப்பாடம். அதில் கிடார் வாசித்தவர் யார் என்று கேட்டால்தான் மௌனம். மும்பை, சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கம்பிகளோடு காலம் தள்ளிய கலைஞர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

2025 ஜனவரி 18, 19, 21. இந்த மூன்று நாட்களில் நவி மும்பையின் நெருள் பகுதியில் மாலை நேரத்தில் காய்கறி வாங்கப் புறப்பட்டவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் புறப்பட்டிருப்பார்கள். டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் பிரிட்டனின் கோல்ட்ப்ளே குழுவின் கச்சேரி. ஹார்பர் லைன் ரயில்கள் வழக்கமான அலுவலகக் கூட்டத்தோடு, கையில் ஒளிரும் பட்டை கட்டிய இளைஞர் கூட்டத்தையும் சுமந்தன. பாடகர் கிறிஸ் மார்ட்டின் ஹிந்தியில் உதிர்த்த ஓரிரு சொற்கள்கூடச் செய்தியாயின. அதே மேடையில், பாட்டுக்குப் பாட்டு கிடாரைத் தாங்கி நின்றவர் ஜானி பக்லண்ட். மறுநாள் காலை செம்பூர் வரை ரயிலில் போகிற யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால், எந்த கிரிக்கெட் அணி என்று கேட்டாலும் கேட்பார்கள்.

உலகப் புகழ் பெற்ற குழுவுக்கே இந்தக் கதி என்றால், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மைதானத்திலிருந்து சற்றுத் தள்ளி, நெருளின் செக்டர்களுக்குள் நுழைந்தால் குடியிருப்புச் சங்கங்களின் வாசல்களில் 'கிடார், கீபோர்டு கற்றுத் தரப்படும்' என்ற பலகைகள் கண்ணில் படும். வட இந்தியாவில் கிடார் பிடித்த பிள்ளைகளில் பலர் முதலில் வாசித்துப் பார்க்கும் பாட்டு ஒன்று உண்டு: கிஷோர் குமார் பாடிய 'நீலே நீலே அம்பர் பர்'. கல்யாண்ஜி - ஆனந்த்ஜி இசையில் 1983ல் வெளிவந்த 'கலாகார்' படத்துப் பாட்டு. தமிழ் வீட்டுப் பிள்ளை இதை வாசித்துக் காட்டினால் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்: "அது நம்ம பாட்டுடா!" அம்மா சொல்வது சரி. அந்த மெட்டு அதற்கு முந்தைய ஆண்டே தமிழில் வந்துவிட்டது. 1982, 'பயணங்கள் முடிவதில்லை', 'இளைய நிலா'. இசை இளையராஜா, பாடல் வைரமுத்து, குரல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், திரையில் மோகன். இத்தனை பெயர்களையும் தாராவி டீக்கடையில்கூட ஒப்பிப்பார்கள். கிடார்?

கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இளையராஜாவின் வலது கரமாக நெடுங்காலம் இருந்த டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனின் சகோதரர்.

அந்தப் பாட்டை விட்டு கிடாரைப் பிரித்தெடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். மெட்டு மிஞ்சும், குரல் மிஞ்சும். ஆனால் இரவு நேரத்தில் மேகம் நகர்வது போன்ற அந்த ஓட்டம் போய்விடும். கிடாரில் ஒரு சுரக்கூட்டத்தை மொத்தமாக ஒரே இழுப்பில் மீட்டலாம். அல்லது அதைப் பிரித்து, கட்டை விரல் தடித்த கம்பியில் அடிச் சுரத்தைப் போட, மற்ற விரல்கள் மேல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவர, நீர் சொட்டுவது போல வாசிக்கலாம். 'இளைய நிலா' இரண்டாவது வகை. கேட்பதற்குச் சுலபம், வாசிப்பவர் ஒரு சொட்டை முன்பின்னாக விட்டாலும் பாட்டு நொண்டும். அதைச் சீராக வாசித்ததால்தான் யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தொழிலின் விசித்திரமே அதுதான். நன்றாக வாசித்தால் பாட்டோடு கரைந்துவிடுவார்கள். தப்பாக வாசித்தால் மட்டுமே தனியாகத் தெரிவார்கள்.

தப்பாக வாசிப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமும் அல்ல. தனித்தனித் தடங்களில் பதிந்து பிறகு கோக்கும் வசதி வருவதற்கு முன்பு, பாடகர், வயலின் கூட்டம், தாளக்காரர்கள், கிடார் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். நான்காவது நிமிடத்தில் ஒரு கம்பி பிசகினால் மொத்தக் கூட்டமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பம்பாயில் தார்தேவ் ஃபிலிம் சென்டர், பாந்திரா மெஹபூப் ஸ்டூடியோ போன்ற இடங்களில் இதுதான் அன்றாடம். வாசித்து முடித்தால் அந்த ஷிஃப்டுக்கான கூலி. இசைத்தட்டு லட்சம் விற்றாலும், பாட்டு ஐம்பது ஆண்டு ஒலித்தாலும் அந்தக் கூலிதான் கூலி.

பம்பாயின் ஹிந்தித் திரையிசையில் கிடார் பெற்ற இடத்துக்கு ஆர்.டி. பர்மனின் காலம் ஒரு திருப்பம். அதற்கு ஓர் அடையாளமாக 1971ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டைச் சொல்லலாம். ஆஷா போன்ஸ்லே வாய் திறப்பதற்கு முன்பே அந்தப் பாட்டு கேட்பவரைப் பிடித்துவிடுகிறது. பிடிப்பது முகப்பில் வரும் கிடார். வாசித்தவர் பூபிந்தர் சிங்.

பூபிந்தரின் கதை இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையான பாடம். 1940ல் அமிர்தசரஸில் பிறந்தவர். டில்லி வானொலி நிலையத்தில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவரின் குரலைக் கேட்டு மதன் மோகன் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். 1964ல் 'ஹகீகத்' படத்தில் முகமது ரஃபி, தலத் மெஹ்மூத், மன்னா டே ஆகியோரோடு சேர்ந்து பாடினார். ஆனால் பாட்டு வாய்ப்புகள் அடை மழையாகக் கொட்டிவிடவில்லை; வயிற்றுக்குச் சோறு போட்டது கிடார்தான். 'தம் மாரோ தம்' மட்டுமல்ல, 'யாதோங் கி பாராத்' (1973) படத்தின் 'சுரா லியா' பாட்டிலும் அவர் கிடார்தான். திரையில் வெள்ளை உடையில் கிடாரைப் பிடித்தபடி ஜீனத் அமன் வருவார். நாடே அந்தக் கிடாரைப் பார்த்தது. அதில் ஒலித்த விரல்கள் தாடி வைத்த ஓர் அமிர்தசரஸ்காரருடையவை என்பதைப் பார்க்கவில்லை. அதனால் நஷ்டம் என்று தயாரிப்பாளர் யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பிற்பாடு பூபிந்தர் பாடகராகப் பெயர் பெற்றார். 'கரோண்டா' (1977) படத்தில், பம்பாயில் ஒரு வீடு கிடைக்காமல் அலையும் ஜோடிக்காக அவர் பாடியதை, நெருளுக்கும் கல்யாணுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பெருமூச்சோடு கேட்கும். 1980ல் குல்ஸார் கவிதைகளுக்கு அவரே இசையமைத்து வெளியிட்ட இசைத்தட்டு, கஜல் பாட்டுக்கும் கிடாருக்கும் நல்ல சம்பந்தம் பேசி முடித்தது. 2022 ஜூலை 18ஆம் தேதி மும்பையில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. பெரும்பாலும் 'கஜல் பாடகர்' என்றுதான் எழுதின. கிடாரைப் பற்றி ஐந்தாவது, ஆறாவது பத்தியில் ஒரு வரி. பாடாமலே இருந்திருந்தால் அந்த ஒரு வரியும் இருந்திருக்காது.

கோரக் சர்மா பாடவில்லை. ஆகவே அவருக்கு நேர்ந்தது அதுதான்.

லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் இரட்டையரில் பியாரேலாலின் தம்பி கோரக். தந்தை ராம்பிரசாத் சர்மா டிரம்பெட் கலைஞர். பம்பாய் இசைக் கூடங்களில் மரியாதைக்குரிய ஆசான். மாண்டலின், கிடார், பேஸ் கிடார் என்று எதைக் கொடுத்தாலும் கோரக் வாசிப்பார். ஹிந்தித் திரையிசையில் பேஸ் கிடாரைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் என்று சக கலைஞர்கள் அவரைக் கருதினார்கள். அவருடைய ஒரு வாசிப்பை மட்டும் நாடே அறியும். 1980ல் வந்த 'கர்ஸ்' படத்தில் திரும்பத் திரும்ப வரும் கிடார் மெட்டு. முற்பிறவியில் கொல்லப்பட்டவன் அந்த மெட்டை வாசிப்பான். மறுபிறவி எடுத்த கதாநாயகன் (ரிஷி கபூர்) அதே மெட்டைக் கேட்டு நினைவு திரும்புவான். தமிழில் கமல்ஹாசன் நடித்து 1984ல் 'எனக்குள் ஒருவன்' என்று வந்த கதைதான். மூலமெட்டு அமெரிக்கக் கிடார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுவார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மறுபிறவியை நம்பும்படி அதை வாசித்தது கோரக்கின் விரல்கள்.

ஒரு முழுநீளப் படத்தின் கதையே கிடார் மெட்டில் தொங்குகிறது. அந்தப் படத்துக்காக லக்ஷ்மிகாந்த் - பியாரேலாலுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கோரக் 2018 ஜனவரி 26 அன்று மும்பையில் காலமானார். குடியரசு தினத்தன்று டில்லி அணிவகுப்புக்கும் பத்ம விருதுப் பட்டியலுக்கும் நடுவே அந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பர்மன் குழுவில் பேஸ் கிடார் டோனி வாஸ். அதே குழுவில் இன்னொரு பெயர், கேட்டதும் மாட்டுங்காவாசிகள் நிமிர்ந்து உட்காரக்கூடிய பெயர்: ரமேஷ் ஐயர். தாளத்தைத் தாங்கிச் செல்லும் ரிதம் கிடார் அவருடையது. முகப்பு இசை வாசிப்பவராவது எட்டு நொடி தெரிவார். ரிதம் கிடார்காரர் பாட்டு முழுதும் வாசித்துவிட்டு ஒரு நொடிகூடத் தெரியமாட்டார். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவரின் பெயரைக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் யார் போடுகிறார்கள்? 1994 ஜனவரி 4ஆம் தேதி பர்மன் மறைந்த பின், அவரது ரசிகர்கள் மும்பையிலும் புனேயிலும் நடத்திய நினைவு நிகழ்ச்சிகள்தான் இந்தக் கலைஞர்களை முதன்முதலாக மேடை விளக்கின் கீழ் உட்கார வைத்தன. இசையமைப்பாளர் இறந்த பிறகு வாத்தியக்காரர் பிரபலமாவது கொஞ்சம் சங்கடமான விதிதான். என்றாலும் அந்த ரசிகர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறை வேறு ஒரு கிடாரோடு வந்தது. மடியில் படுக்க வைத்து, இடது கையில் எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிடார். பசிபிக் தீவுகளிலிருந்து கலைஞர்கள் குழுக் குழுவாக ஆசியாவைச் சுற்றியபோது அது இந்தியா வந்தது. ஹவாய் கலைஞர் டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவிலேயே தங்கியிருந்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப்போகும் அந்த ஒலி, கமகத்துக்கும் மீண்டுக்கும் பழகிய இந்தியக் காதுகளுக்கு உடனே பிடித்துவிட்டது. லக்னோவில் 1927ல் பிறந்த வான் ஷிப்லி வயலினிலும் எலெக்ட்ரிக் கிடாரிலும் கைதேர்ந்தவர். தனக்கென எட்டுக் கம்பிக் கிடாரை வடிவமைத்துக்கொண்டவர். அவரும் ஹசாரா சிங்கும் திரைப்பாடல்களைக் கிடாரில் வாசித்து வெளியிட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகள் 1950, 60களில் பரவலாக விற்றன. வானொலியில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே, செய்திக்கு முன் மிஞ்சும் ஒன்றரை நிமிடத்தை நிரப்ப இவர்களின் இசைத்தட்டுகள்தான் கைகொடுத்தன. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். கேட்டது மணி பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவதற்காக. வான் ஷிப்லி 2008 மார்ச்சில் மும்பையில் இறந்தார்.

அதே ஹவாயன் கிடாரைச் சாஸ்திரிய சங்கீதத்துக்குள் கொண்டுபோனவர்களுக்கு நிலைமை மேல். பிரிஜ் பூஷண் காப்ரா, சிவகுமார் சர்மாவோடும் ஹரிபிரசாத் சௌராஸியாவோடும் 1967ல் வெளியிட்ட இசைத்தட்டு இன்றும் விற்கிறது. விஸ்வமோகன் பட் 1994ல் கிராமி விருதே வாங்கிவிட்டார். இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. கிடாரின் மேல் யாருக்கும் பகையில்லை. கச்சேரி மேடையில் நடுவில் உட்கார்ந்தால் கலைஞர். சினிமாவில் ஓரத்தில் உட்கார்ந்தால் 'கிடார்காரன்'.

பம்பாய் மறந்துவிட்ட ஒருவரை வெளிநாட்டார் தேடி வந்த கதையும் உண்டு. சரண்ஜித் சிங் திரையிசையில் பேஸ் கிடார், ஹவாயன் கிடார் என்று வாசித்துக்கொண்டிருந்தவர். சிங்கப்பூரில் வாங்கி வந்த ஜப்பானிய மின்னணுக் கருவிகளை வைத்து 1982ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். எச்.எம்.வி. வெளியீடுதான், விற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே கருவிகளைக் கொண்டு சிகாகோ இளைஞர்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய நடன இசையை உண்டாக்கினார்கள். 2010ல் ஹாலந்து நாட்டு ஆர்வலர் ஒருவர் சரண்ஜித்தின் இசைத்தட்டை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது மேலைநாட்டு இசை விமர்சகர்கள் வாயடைத்துப்போனார்கள். ராகங்களை அப்படியே அந்தக் கருவியில் வாசித்துப் பார்த்ததைத் தவிர தான் வேறெதுவும் செய்யவில்லை என்பதுபோல் இருந்தார் அவர். எழுபது வயதில் ஐரோப்பிய இரவு விடுதிகளில் வாசிக்கப் போனார். 2015 ஜூலை 5 அன்று மும்பையில் காலமானார். நல்வாய்ப்புதான். ஆனால் எல்லாக் கலைஞர்களுக்கும் ஹாலந்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருக்க முடியாது.

சென்னை இதில் பம்பாயைவிட உயர்த்தி என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு அபூர்வ விதிவிலக்கு, 1964ல் வந்த 'சர்வர் சுந்தரம்'. 'அவளுக்கென்ன' பாட்டின்போது காமிரா ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்துவிடும். எம்.எஸ். விஸ்வநாதன் கையசைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாட, அசல் வாத்தியக்காரர்களே திரையில் தெரிவார்கள். விஸ்வநாதனின் கிடார் கலைஞர் பிலிப்ஸின் பெயரைப் பழைய ரசிகர்கள் 'கிடார் பிலிப்ஸ்' என்று வாத்தியத்தோடு சேர்த்தே சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பட்டம்தான் சம்பளத்துக்கு மேல் கிடைத்த போனஸ்.

இளையராஜா குழுவில் சதானந்தம், சந்திரசேகர், பேஸ் கிடாருக்கு சசிதரன். அந்தக் குழுவின் பாடல்களில் பேஸ் கிடார் வெறுமனே தாளத்துக்கு முட்டுக் கொடுக்காது. பாடகர் ஒரு மெட்டில் போக, அது கீழே இன்னொரு மெட்டில் நடக்கும். இதைக் காதில் வாங்கத் தொடங்கிய பிறகு பலருக்குப் பழைய பாடல்களே புதிய பாடல்களாகிவிட்டன. எழுதியது இளையராஜா என்பது நியாயம்தான். எழுதியதை அதே நாள், ஒன்றிரண்டு ஒத்திகையில் வாசித்துத் தர ஆள் வேண்டும் என்பதும் நியாயம். இளையராஜாவுக்கே இது தெரியாததல்ல. 1976ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் அவரும் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிடார் வாசித்தவர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். சலீல் சௌத்ரிக்கு வாசித்தவர். இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற, ஆனால் கிடார் கலைஞராக மிகக் குறைவாக அறியப்பட்ட கிடார் கலைஞர் அவர்தான் என்று சொன்னால் மிகையாகாது.

1990களில் ஏ.ஆர். ரஹ்மான் ஒரு சின்ன மாறுதல் செய்தார். காசெட் உறைக்குள் இருக்கும் காகிதத்தில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கினார். பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ் போன்ற சென்னைக் கலைஞர்களின் பெயர்களைத் தமிழ் இளைஞர்கள் பொடி எழுத்தில் தேடிப் படித்தது அந்தக் காகிதத்தால்தான். பிறகு காசெட் போயிற்று, குறுந்தட்டும் போயிற்று. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் செயலிகள் பெரும்பாலும் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று மூன்று வரிகளோடு கதவைச் சாத்திக்கொள்கின்றன. பொடி எழுத்துக்கு இருந்த அந்தக் காகிதமும் இல்லாமல் போய்விட்டது.

சினிமாவை விட்டு வெளியே வந்தாலும் கிடாருக்குத் தனிச் சோதனை. மாட்டுங்கா சபாக்கள் மாண்டலினை ஏற்றுக்கொண்டன, சாக்ஸபோனையும் ஏற்றுக்கொண்டன. யு. ஸ்ரீனிவாஸுக்கும் கத்ரி கோபால்நாத்துக்கும் சண்முகானந்தா அரங்கம் நிறைந்தது. கிடார் மட்டும் இன்னும் திண்ணையில்தான். சுகுமார் பிரசாத் 1980களிலேயே எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துக்காட்டினார். ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா, வயலின் மேதை ஏ. கன்னியாகுமரியிடம் பயின்றவர், பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். கட்டைகள் பதித்த கிடாரில் கமகம் வராது என்பார்கள். அவர் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தும் தளர்த்தியும் வரவழைத்துக் காட்டினார். அவர் இசையமைத்த 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் 2009ல் ஆஸ்கர் பெற்றது. அதே மேடையில் அன்று 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் வாங்கியதால் பிங்கியின் இசையமைப்பாளர் யார் என்று கேட்க இந்தியாவுக்கு நேரமில்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன, வாசித்ததற்குக் காசு வாங்கினார்கள் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவரை அறியும், இசையமைத்தவரை அறியும், வாசித்தவரை அறியாது. நிகழ்த்துவோருக்கு உரிமை என்ற எண்ணமே 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. வந்தபோதே ஒரு பொறியோடு வந்தது: தன் வாசிப்பைத் திரைப்படத்தில் சேர்க்க ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த உரிமை அங்கே செல்லாது. 2012 திருத்தம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. வாசிப்பு வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி உண்டு. 'இதை வாசித்தவர் இன்னார்' என்று குறிப்பிடச் சொல்லும் உரிமையும் உண்டு. அடுத்த ஆண்டே பாடகர்கள் தங்களுக்கென ஓர் உரிமைச் சங்கத்தைப் பதிவு செய்து வசூலில் இறங்கினார்கள். பிற்பாடு அந்தச் சங்கத்தின் பெயரில் 'இசைக்கலைஞர்கள்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே 2012 திருத்தம், 'நிகழ்த்துவோர்' யார் என்று விளக்கும் இடத்தில் ஒரு வால் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரது பங்கு தற்செயலானதாகவோ இடையில் வந்துபோவதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்குமே அவர் பெயர் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துவோர் ஆகமாட்டார். தன் பங்கைச் சிதைக்காதே என்று கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பணமும் இல்லை, பெயரும் இல்லை. கூட்டத்தில் நடந்துபோகும் துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதியது போலத் தோன்றும் வாசகம். ஆனால் வாத்தியக்காரர் பெயரைப் போடாதது எந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மீதி இருப்பது ஒரே கேள்வி: 'தம் மாரோ தம்' முகப்பில் வரும் கிடார் தற்செயலானதா? காது உள்ள எந்த நீதிபதியும் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் ஒரு ஷிஃப்ட் சம்பளக்காரர் அந்த நீதிபதியின் முன்னால் போய் நிற்பதற்குள் எத்தனை ஷிஃப்டுகளை இழக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. பெயர் போடுவது என்பது ஆசைக்குப் போடும் மாலை அல்ல, உரிமைக்கான ரசீது. 1970களின் கலைஞர்களுக்கு இதெல்லாம் காலம் கடந்த பேச்சு. இன்று வாசிப்பவர்களுக்கு அப்படியல்ல.

இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய அநியாயம் என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் மோடவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்களில் பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் இசைத்தட்டில் இடம்பெறவே 1971 ஆக வேண்டியிருந்தது. 1983ல் அந்த நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழாவை அவர் கள்ளச் சந்தையில் டிக்கெட் வாங்கி, பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தார். சில மாதங்களில் இறந்தார். ஆனால் அங்கே பிறகு கணக்கு நேர் செய்யப்பட்டது. 2000ல் ராக் இசைக்கான கௌரவ மண்டபத்தில் பக்க வாத்தியக்காரர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, ஜேமர்சனை முதல் ஆண்டிலேயே சேர்த்தார்கள். இரண்டே ஆண்டில் அந்தக் குழுவைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. இங்கே பம்பாய் ஸ்டூடியோ கலைஞர்களைத் தேடிப் பிடித்துப் பேசி முழுநீளப் புத்தகம் எழுத நியூசிலாந்து பல்கலைக்கழகத்திலிருந்து கிரிகரி பூத் என்ற ஆராய்ச்சியாளர் வர வேண்டியிருந்தது. அது வெளிவந்தது 2008ல். அவர் பேசிப் பதிந்த முதியவர்களில் பலர் இன்று இல்லை.

திரையுலகம் தானாக ஒருமுறை வணக்கம் செலுத்தியது என்றால் அது ஒரு நகைச்சுவைப் பாட்டில்தான். 1977ல் 'அமர் அக்பர் அந்தோனி'யில் முட்டைக்குள்ளிருந்து கிளம்பி வந்து அமிதாப் பச்சன் தன் பெயரை அறிவிப்பார்: அந்தோனி கொன்சால்வெஸ். அது பியாரேலாலுக்கு வயலின் கற்றுத்தந்த கோவா இசைக்கலைஞரின் நிஜப் பெயர். மாணவர் ஆசானுக்குச் செலுத்திய குருதட்சிணை. படம் பார்த்த கோடிக்கணக்கானவர்கள் அதை ஒரு வேடிக்கைப் பெயர் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

தாராவியில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கிடாரைத் தொடுவது தேவாலயப் பாடகர் குழுவில். செம்பூரிலும் நெருளிலும் ஆன்லைன் வகுப்பில், பிறந்தநாள் பரிசாக வந்த கிடாரில். கணபதி பந்தலில் மெல்லிசைக் குழு வந்தால் மேடை ஓரத்தில் நிற்கும் கிடார்காரரின் இடது கையையே பார்த்துக்கொண்டு நிற்கும் பையன் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். பாட்டு 'இளைய நிலா'வாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் மராத்திப் பையன் அதையே 'நீலே நீலே அம்பர்' என்று முணுமுணுப்பான். வீட்டுக்குப் போனதும் இருவரும் கைப்பேசியில் அந்த வாசிப்பைத் தேடுவார்கள். ஒருவன் திரையில் மோகன் வருவார். இன்னொருவன் திரையில் குணால் கோஸ்வாமி.